மீன் தொட்டி சைக்கிள் ஆகவில்லையா? சேலத்துத் தண்ணிக்கு ஒரு வைத்தியம், ஏற்காட்டுத் தண்ணிக்கு இன்னொன்று

தொட்டி வைத்து மூன்று வாரம் ஆகிறது, பில்டர் இராப்பகலாக ஓடுகிறது, அம்மோனியா மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்தத் தண்ணி ஊத்துனீங்க? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா, கேன் தண்ணியா, மலைத் தண்ணியா?

சேலத்துக்காரர்களுக்கு இந்த நான்கையும் விளக்கத் தேவையில்லை. மேட்டூரிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி. போர் போட்டு இறைப்பது உப்புத் தண்ணி. கேனில் வருவது ஆர்.ஓ. மலைத் தண்ணி என்றால் ஏற்காட்டு ஊற்று. மீன் கழிவைச் சமாளிக்கும் பாக்டீரியா தொட்டியில் வளர்ந்து நிலைப்பதைத்தான் சைக்கிள் ஆவது என்கிறோம். அந்தப் பாக்டீரியா ஏன் வளரவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. என் தங்கை வீட்டுக்காரர் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். அவர் வைத்த 90 லிட்டர் தொட்டிக்கு, சேலத்தில் உட்கார்ந்துகொண்டு மூன்று வாரம் போனிலேயே வைத்தியம் பார்த்தேன். சொன்னது அத்தனையும் தப்பு. அந்தக் கதை கீழே பி.எச். (தண்ணியின் அமில-கார அளவு) விழும் இடத்தில் வருகிறது.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரே ஒரு கணக்கு. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். முதல் கூட்டம் வேலை செய்யும்போது அமிலம் வெளியாகிறது, அந்த அமிலத்தைத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் விழுங்கிக்கொள்கிறது என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் ஒரு மில்லிகிராம் நைட்ரேட்டாக மாறி முடிய ஏறத்தாழ 4.57 மி.கி. ஆக்சிஜனும், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 மி.கி. காரத்தன்மையும் செலவாகும். இந்தக் காரத்தன்மையைத்தான் நம் டெஸ்ட் கிட் கே.எச். என்று அளக்கிறது. கிட்டின் மொழியில் சொன்னால் 3 பி.பி.எம். (லிட்டருக்கு 3 மி.கி.) அம்மோனியா கரைந்தால் கே.எச். ஒரு டிகிரி குறையும். அம்மோனியா சோறு என்றால் கே.எச். குழம்பு. குழம்பு தீர்ந்த பிறகு சோற்றை மட்டும் அள்ளி அள்ளிப் போட்டால் இலையில் தேங்கத்தான் செய்யும்.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் வாளிச் சோதனை. தொட்டியில் ஊற்றும் அதே தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள். போர் தண்ணீரில் இது கட்டாயம். நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். இறைத்தவுடன் அளந்தால் பி.எச். 7.2 காட்டும், மறுநாள் அதே வாளி 8.2 காட்டும். மறுநாள் வரும் எண்தான் தொட்டிக்குள் நடப்பது. பி.எச்., கே.எச்., நைட்ரேட் மூன்றையும் அளந்து தினசரி காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கே.எச். கிட்டில் 5 மில்லிக்கு ஒரு சொட்டு ஒரு டிகிரி. மலைத் தண்ணி, கேன் தண்ணி என்றால் 10 மில்லி எடுத்துக்கொண்டு சொட்டுக்கு அரை டிகிரி என்று எண்ணுங்கள். இல்லாவிட்டால் வித்தியாசமே பிடிபடாது.

ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர் புண்ணியத்தில் இப்போது வீட்டுக்கு வீடு டி.டி.எஸ். பேனா இருக்கிறது. அதை வைத்து கே.எச். கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அது சொல்லும். கரைந்திருப்பது சாப்பாட்டு உப்பா பைகார்பனேட்டா என்று அதற்குத் தெரியாது.

அறிகுறி: அம்மோனியா இறங்கவே இல்லை, நைட்ரைட்டும் தலைகாட்டவில்லை

இரண்டு வாரம் ஆகவில்லை என்றால் இது நோயே இல்லை. பால் புளிக்க வைக்கும் பாக்டீரியா மணிக்கு ஒருமுறை பக்கம் இரட்டிக்கும், இவை நாளுக்கு ஒருமுறை இரட்டித்தாலே பெரிய விஷயம். பொறுங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் அசையவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது குளோரினை. குழாயில் வருவதைவிட வீட்டுச் சம்ப்பில் நாமே போடுவதுதான் ஆபத்து. எனக்குத் தெரிந்த ஓர் அடுக்குமாடியில், வாரம் ஒருமுறை வாட்ச்மேன் சம்ப்பில் ஒரு கை பிளீச்சிங் பவுடர் தூவுவார், யாரிடமும் சொல்ல மாட்டார். மூன்றாவது மாடியில் ஒரு தம்பி ஒன்றரை மாதம் சைக்கிள் போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தண்ணி மாற்றுவான், திங்கட்கிழமை எல்லாம் முதலிலிருந்து. திறந்த வாளியில் காற்று ஓட்டினால் ஒரு நாளில் குளோரின் போய்விடும். மூடிய சம்ப்பில் அவ்வளவு சீக்கிரம் போகாது. கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். அதை வாளியிலேயே கலந்துவிட்டு ஊற்றுங்கள்.

அடுத்தது, மீன் விடும் முன் பாக்டீரியாவுக்குச் சோறாக நாமே போடும் அம்மோனியாவை அதிகமாகப் போட்டுவிடுவது. ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம்தான் அம்மோனியம் குளோரைடு. மீன் இல்லாமல் சைக்கிள் போட அதைவிட வசதியான பொருள் இல்லை. ஆனால் ஈயப் பட்டறைக் கட்டியில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளி ஆய்வகங்களுக்குக் கெமிக்கல் விற்கும் கடையில் சுத்தமானதைக் கேட்டு வாங்குங்கள். 100 லிட்டருக்கு 2 பி.பி.எம். வேண்டுமானால் 0.63 கிராம் போதும், அதாவது தாராளமாக எடுத்த ஒரு சிட்டிகை. நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது. ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டால் 15 பி.பி.எம். பக்கம் போய், தண்ணி மாற்றித்தான் மீள வேண்டும். யூரியா வேண்டாம். அது உடைந்து அம்மோனியாவாக மாறும்வரை கிட்டில் தெரியாது. தெரியவில்லையே என்று மேலும் மேலும் போடுவோம். கருவாட்டுத் துண்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் உப்பு எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு என்று யாருக்கும் கணக்கு வராது. வீட்டில் வரும் நாற்றம் தனி.

கேன் தண்ணியில் தொடங்கியவர்களுக்கு வேறு காரணம். ஆர்.ஓ. கே.எச்.சையும் பாஸ்பேட்டையும் சேர்த்தே வடிகட்டிவிடுகிறது. பாக்டீரியாவின் உடம்பைக் கட்டவே பாஸ்பரஸ் வேண்டும். ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் பொடித்துப் போட்டால் அந்தக் குறை தீரும். கே.எச்.சுக்கு நல்ல தண்ணியைக் கலந்துகொள்ளுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் குளிரும் ஒரு காரணம். மார்கழியில் ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும் ஊரில் ஹீட்டர் இல்லாத தொட்டி 17, 18 டிகிரியில் நிற்கும். 28 டிகிரியில் நாலு வாரத்தில் முடிகிற வேலை அங்கே இரண்டு மடங்கு நாள் இழுக்கும். 90 லிட்டருக்கு 100 வாட் ஹீட்டர் போதும், 27-இல் வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். சமவெளியில் அது சரி. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் 84 சதவீதம்தான். கணக்குப் போட்டால் ஏற்காட்டில் 20 டிகிரித் தண்ணியும் சேலத்தில் 30 டிகிரித் தண்ணியும் ஏறத்தாழ ஒரே அளவு ஆக்சிஜனைத்தான் பிடிக்கும், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பக்கம். ஹீட்டர் போட்டால் அதுவும் குறையும். இரண்டு ஊரிலும் ஏர் பம்ப் வேண்டும்.

அறிகுறி: முதலில் நன்றாக இறங்கிய அம்மோனியா திடீரென்று நின்றுவிட்டது, பி.எச். விழுந்துவிட்டது

இதுதான் என் மாப்பிள்ளை தொட்டியில் நடந்தது. முதல் நாள் 4 பி.பி.எம். போடச் சொன்னேன். கிட்டத்தட்ட இரண்டு வாரத்தில் அம்மோனியா இறங்க ஆரம்பித்தது, நைட்ரைட் வந்தது, போனில் ஒரே சந்தோஷம். இன்னும் 2 பி.பி.எம். போடுங்க என்றேன். போட்டார். அதிலிருந்து அம்மோனியா 2-இல் நின்றுவிட்டது. ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள்.

"மச்சான், பாக்டீரியா செத்துப் போச்சு போலங்க."

"அதெல்லாம் இல்ல மாப்ள, இன்னொரு பாட்டில் வாங்கி ஊத்துங்க."

கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டிலைச் சொன்னேன். இரண்டு பாட்டில் ஊற்றினார். என் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்றை ஈரத்தோடு பையில் கட்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றி அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணி ஒரு பாட்டில், ஊற்றுத் தண்ணி ஒரு பாட்டில் என்று கொண்டுவந்தார்.

தொட்டித் தண்ணியில் பி.எச். கிட்டின் கடைசி மஞ்சள் வந்தது. அது 6. உண்மையில் 6-ஆ 5.5-ஆ என்று தெரியாது, அதற்குக் கீழே காட்டக் கிட்டில் நிறம் கிடையாது. கே.எச். பார்க்க 10 மில்லியில் ஒரு சொட்டு விட்டேன், விட்டதுமே மஞ்சள். அரை டிகிரிகூட இல்லை. ஊற்றுத் தண்ணி மூன்றாவது சொட்டில் மாறியது, ஒன்றரை டிகிரி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோகைட் பாறை, உச்சிகளில் பாக்சைட் தொப்பி. அங்கே பெய்யும் மழை சுண்ணாம்பைத் தொடாமலே ஊற்றாக வருகிறது.

கணக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்றரை டிகிரி என்றால் நாலரை பி.பி.எம். அம்மோனியாவுக்குத்தான் தாங்கும். நான் போடச் சொன்னது மொத்தம் ஆறு. நாலு கரைந்தது, மிச்சம் இரண்டு நின்றது. கிட்டத்தட்ட கணக்குப் பிசகாமல் நின்றிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. சேலத்தில் என் போர் தண்ணியின் கே.எச். 16. அங்கே 48 பி.பி.எம். வரை கே.எச். காலியாகாது. அதனால்தான் பத்து வருஷமாக எனக்கு இந்தக் கஷ்டம் வரவேயில்லை, வராத கஷ்டத்துக்கு மருந்தும் தெரியவில்லை.

பி.எச். 6.5-க்குக் கீழே போனால் இந்தப் பாக்டீரியாவின் வேகம் நன்றாகக் குறையும், 6-க்குக் கீழே கிட்டத்தட்ட நின்றுபோகும். இரண்டு காரணம். ஒன்று, கார்பன் ஆதாரமான பைகார்பனேட் இல்லை. இன்னொன்று, அவை பிடித்துச் சாப்பிடுவது அம்மோனியாவை. பி.எச். இறங்கினால் அது முழுக்க அம்மோனியம் ஆகிவிடுகிறது. கிட் இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால் நமக்கு 2 என்று தெரிகிறது, பாக்டீரியாவின் தட்டு காலி. இப்படி நின்றுபோன பாக்டீரியா செத்ததாக அர்த்தம் இல்லை. பல நாள் முடங்கிக் கிடந்து, தண்ணி சரியானதும் எழுந்துவிடும்.

மீன் இல்லாத தொட்டி என்றால் வைத்தியம் எளிது. பாதித் தண்ணியை மாற்றுங்கள். பிறகு ஆப்ப சோடா. 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். ஒரு டிகிரி ஏறும். ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம். மாப்பிள்ளை தொட்டிக்கு அன்று மாலை 4 கிராம், மறுநாள் 4 கிராம் கரைத்து ஊற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் பி.எச். 7.4 வந்தது. ஆறாம் நாள் அம்மோனியா பூஜ்யம். அந்த இரண்டு பாட்டிலுக்குக் கொடுத்த பணத்தை அவர் இன்றுவரை கேட்கவில்லை. தங்கை கேட்டுவிட்டாள்.

கடையில் கேட்கும்போது ஆப்ப சோடா அல்லது சமையல் சோடா என்று கேளுங்கள். பேக்கிங் பவுடர் வேறு, துணி துவைக்கும் வாஷிங் சோடா வேறு. கே.எச். என்றால் சுண்ணாம்புதானே என்று யாராவது வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்தால் கையைத் தட்டிவிடுங்கள். அது பி.எச்.சை 12 பக்கம் கொண்டுபோய்ப் பாக்டீரியா, மீன், செடி எல்லாவற்றையும் முடித்துவிடும். சுடாத கிளிஞ்சல் நல்லது. கழுவி, நொறுக்கி, ஒரு கைப்பிடி வலைப்பையில் கட்டிப் பில்டருக்குள் வைத்தால் தண்ணி புளிக்கும்போது தானே கரையும், பி.எச். ஏறியதும் கரைவது குறையும். சோடா அன்றைக்குக் கை கொடுக்கும். மலைத் தொட்டிக்கு வருஷம் முழுக்கக் காவல் இந்தக் கிளிஞ்சல் பைதான்.

தொட்டியில் மீன் இருந்தால் அவசரமே கூடாது. பி.எச். 6-இல் அம்மோனியமாக இருப்பது சாது, மீனைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நீங்கள் சோடாவை ஒரே மூச்சில் கொட்டி பி.எச்.சை 8 ஆக்கினால் அந்தச் சாது மிரளும், மிரண்டால் காடு கொள்ளாது. முதலில் இரண்டு மூன்று நாள் கால்வாசித் தண்ணி மாற்றி அம்மோனியாவை ஒன்றுக்குக் கீழே கொண்டுவாருங்கள். பிறகு நாளுக்கு அரை டிகிரி கே.எச். வீதம் ஏற்றுங்கள்.

அறிகுறி: அம்மோனியா ஒன்றுதான் காட்டுகிறது, மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது, செவுள் சிவந்திருக்கிறது

சமவெளிக்காரர்களின் நோய் இது. கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் பூமிக்கு அடியில் இருப்பது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அங்கே போர் தண்ணியின் கடினத்தில் கால்சியத்தோடு மெக்னீசியத்துக்கும் நல்ல பங்கு உண்டு. இந்தத் தண்ணியில் கே.எச். தீராது, பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். ஆனால் பி.எச். 8.2, 8.4 என்று நிற்கும்.

மேலே சொன்ன சாதுவான அம்மோனியமும், அது மிரண்டால் ஆகும் முரட்டு அம்மோனியாவும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை பி.எச்.சும் சூடும் முடிவு செய்கின்றன. 30 டிகிரித் தண்ணியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 0.8 சதவீதம்தான் முரட்டு அம்மோனியா. பி.எச். 8-இல் ஏழரை சதவீதம். 8.4-இல் 17 சதவீதம். கிட்டில் அதே 1 பி.பி.எம். பச்சைதான். ஏற்காட்டில் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். கருப்பூரில் சித்திரை வெயிலில் அதே பச்சை என்றால் முரட்டு அம்மோனியா லிட்டருக்கு 0.17 மி.கி. 0.05-ஐத் தாண்டவே விடக் கூடாது. உடனே பாதித் தண்ணி மாற்றுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள், காற்றைக் கூட்டுங்கள். மாற்றும் தண்ணி போரிலிருந்து அப்போதுதான் இறைத்ததாக இருந்தால் அதில் ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும். ஒரு ராத்திரி வாளியில் காற்று ஓடிய தண்ணி எப்போதும் தயாராக இருக்கட்டும்.

பி.எச்.சை இறக்க எலுமிச்சம்பழம் பிழியச் சொல்வார்கள், புளி கரைக்கச் சொல்வார்கள். கே.எச். 16 இருக்கும் தண்ணியில் அமிலம் ஊற்றினால் ஒரு மணி நேரம் பி.எச். இறங்கும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் பழைய இடத்துக்கே ஏறிவிடும். மீனுக்கு இந்த ஏற்ற இறக்கம் 8.4-ஐவிடக் கொடுமை. பாதாம் இலையும் இந்தத் தண்ணியில் நிறத்தை மட்டும்தான் மாற்றும். வழி கலப்படம் ஒன்றுதான். போர் தண்ணி ஒரு குடம், ஆர்.ஓ. மூன்று குடம் கலந்தால் கே.எச். 16 நாலாகிவிடும். நல்ல தண்ணி கிடைக்கும் வீடு என்றால் கலக்கவே வேண்டாம். மேட்டூர்த் தண்ணி நான் அளந்தவரை கே.எச். 6-க்கும் 9-க்கும் நடுவில் வருகிறது, சைக்கிளுக்கு அதைவிடப் பொருத்தமான தண்ணி இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டில் சாப்ட்னர் வைத்திருக்கிறோம், எங்கள் தண்ணி மென்மையானது என்று சிலர் சொல்வார்கள். சாப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. ஜி.எச்., அதாவது கடினம், பூஜ்யம் ஆகும், கே.எச்.சும் பி.எச்.சும் அப்படியே இருக்கும். சோப்பு நுரைப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அலங்காரத்துக்கு மேக்னசைட் கற்களைப் பொறுக்கி வந்து போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லின் மேல் வினிகர் விட்டு, நுரைத்தால் சுண்ணாம்புக் கல், நுரைக்காவிட்டால் பயமில்லை என்பார்கள். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் நுரைக்காது. பரிட்சையில் பாஸ் ஆகிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அறிகுறி: அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் கடும் ஊதாவில் நிற்கிறது

பாதி நேரம் இது சோதனையின் குறை. அட்டையில் கடைசி நிறம் 5 பி.பி.எம். என்றால், உள்ளே 15 இருந்தாலும் அதே ஊதாதான். 1 பி.பி.எம். அம்மோனியா 2.7 பி.பி.எம். நைட்ரைட்டாக மாறும், ஆகவே நாலு நாலாகப் போட்டவர்களுக்கு இது எங்கேயோ போயிருக்கும். ஒரு பங்கு தொட்டித் தண்ணி, நாலு பங்கு ஆர்.ஓ. கலந்து அளந்து ஐந்தால் பெருக்குங்கள். நாளுக்கு நாள் அந்த எண் இறங்கினால் எதையும் தொடாதீர்கள்.

இறங்கவில்லை என்றால் மறுபடி தண்ணிதான். நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம் முரட்டு அம்மோனியாவைத் தாங்காது. லிட்டருக்கு 0.1 முதல் 1 மி.கி.க்குள் இருந்தாலே தடுமாறும். முதல் கூட்டம் 10 மி.கி. வரைகூடச் சமாளிக்கும். உப்புத் தண்ணியில், பி.எச். 8.4-இல், 4 பி.பி.எம். அம்மோனியா போட்டால் முரடன் 0.7 பக்கம். முதல் கூட்டம் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், இரண்டாவது கூட்டம் பந்திக்கு வரவே பயப்படும். எனவே மலையானாலும் சமவெளியானாலும் ஒரு தடவைக்கு 2 பி.பி.எம். மேல் போடாதீர்கள். நைட்ரைட் எகிறி நிற்கும்போது அம்மோனியா சேர்ப்பதை நிறுத்திப் பாதித் தண்ணி மாற்றுங்கள். தண்ணி மாற்றினால் பாக்டீரியா போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அவை ஸ்பாஞ்சிலும் ஜல்லியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன.

மீன் இருந்தால் அயோடின் சேர்க்காத கல்லுப்பு, 100 லிட்டருக்கு 50 கிராம். செவுளில் நைட்ரைட் நுழையும் வழியில் குளோரைடு முந்திக்கொள்ளும்.

பாட்டில் பாக்டீரியா பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய பாட்டில்களில் நைட்ரோபாக்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். 1998-இல் டிமோத்தி ஹோவனெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது நைட்ரைட்டைத் தின்றுகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா வகை. 2015-இல் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாளாக முடிக்கும் நைட்ரோஸ்பைராவும் கண்டுபிடிக்கப்பட்டது. பாட்டில் வாங்குவதானால் பெயரையும் தேதியையும் பார்த்து வாங்குங்கள், வெயிலில் வைத்திருந்த கடையில் வாங்காதீர்கள். நோயில்லாத தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்சு கிடைத்தால் பாட்டிலே வேண்டாம். சேலத்து ஸ்பாஞ்சு மலைத் தண்ணிக்குப் பழகச் சில நாள் எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: தண்ணி பால் மாதிரி வெளுத்துவிட்டது

இது வேறு பாக்டீரியா. தீவனத்தையும் அழுக்கையும் தின்று தண்ணீரில் மிதந்து பெருகும் கூட்டம். தீவனத்தைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால் ஒரு வாரத்தில் தெளியும். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினால் நாள் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அறிகுறி: நைட்ரேட் மட்டும் வரவில்லை, அல்லது முதல் நாளே வந்துவிட்டது

வரவில்லை என்றால் பாட்டிலைக் குலுக்குங்கள். நைட்ரேட் கிட்டின் இரண்டாவது பாட்டிலில் பொடி அடியில் படிந்துவிடும். அரை நிமிடம் தட்டிக் குலுக்காமல் சொட்டினால் பூஜ்யம்தான் காட்டும். செடி நிறைய வைத்திருந்தால் அவையே அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் எடுத்துக்கொள்ளும், அதுவும் நல்லதுதான்.

முதல் நாளே 40 காட்டினால் அது போர் தண்ணியோடு வந்தது. வயலுக்குப் போட்ட உரமும் செப்டிக் டேங்கும் நிலத்தடி நீரில் கலக்கும் இடங்களில் இது சகஜம். குடிநீருக்கே இந்தியத் தர நிர்ணயம் 45 மி.கி. வரைதான் அனுமதிக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் நைட்ரேட் வந்துவிட்டது, சைக்கிள் முடிந்தது என்று மீனை விட்டால் மீன்தான் போகும். முடிந்ததா என்று பார்க்க 2 பி.பி.எம். அம்மோனியா போட்டு, 24 மணி நேரம் கழித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா என்று பாருங்கள். அன்றைக்கே கே.எச்.சையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: சைக்கிள் முடிந்த தொட்டியில் அம்மோனியா திரும்ப வந்துவிட்டது

தை பிறக்கும் சமயம் இந்தப் புகார் கூடும். பொங்கலுக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும் வேகத்தில் பில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வைத்துப் பிழிந்துவிடுவார்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியில்தான் அலச வேண்டும், அதுவும் லேசாக. ஆடியில் மேட்டூருக்குப் புதுத் தண்ணி வரும் நாட்களில் குழாயில் குளோரின் வாசம் தூக்கலாக இருந்தால் ஆன்டி குளோரினையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மீனுக்கு நோய் என்று மெத்திலீன் ப்ளூவையோ ஆன்டிபயாட்டிக்கையோ தொட்டியிலேயே ஊற்றியிருந்தால் அதுவே காரணமாக இருக்கும். மீனைத் தனி வாளியில் விட்டு மருந்து கொடுங்கள்.

கடைசியாக, கரண்ட். மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நிறுத்துவார்கள். ஸ்பாஞ்ச் பில்டர் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் ஓரளவு தப்பிக்கும். மூடிய கேனிஸ்டர் பில்டரில் அடைபட்ட பாக்டீரியா உள்ளிருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததும் அது தானாக ஓடி, அழுகிய தண்ணியை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். காலையில் நிறுத்தும்போதே பிளக்கைப் பிடுங்கி வைத்து, மீடியாவை (பில்டருக்குள் பாக்டீரியா ஒட்டியிருக்கும் பொருளை) ஒரு கூடையில் எடுத்துத் தொட்டிக்குள்ளேயே முக்கி, பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை ஓடவிடுங்கள். மறந்துவிட்டால் மாலையில் பில்டரைத் திறந்து முதலில் மோந்து பாருங்கள். முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணியைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணியில் அலசிய பிறகு பிளக்கைப் போடுங்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள்.